ஒரே நாள்ல ஃப்ளாரன்ஸ்: வாசகர் கேள்வி பதில்

இத்தாலி போறவங்க கிட்ட இருந்து வந்த கேள்விங்க நிறைய சேந்து போச்சு, அதுல ஃப்ளாரன்ஸ் பத்தி வந்ததை மட்டும் இந்த இதழ்ல எடுத்துக்கறேன். சுத்தி சுத்தி எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், கையில இருக்கறது ஒரு நாள், அதை வெச்சு என்ன பண்றது.

கேள்வி: மேடம், நாங்க ரோம்ல தங்கறோம். காலைல ரயில்ல ஃப்ளாரன்ஸ் போய் ராத்திரியே திரும்பிடணும். நெட்ல பாத்து 16 இடம் லிஸ்ட் போட்டு வெச்சிருக்கோம், எந்த வரிசைல பாத்தா எல்லாத்தையும் முடிக்கலாம்?

பதில்: வரிசை அப்புறம் பாக்கலாம், மொதல்ல அந்த 16ஐ 5 ஆக்குங்க. 16 இடமும் ஓடி ஓடி பாத்தா சாயங்காலம் எது எந்த சர்ச்சுன்னே ஞாபகம் இருக்காது, காலு வலிதான் மிஞ்சும். ரோம்ல இருந்து வேகமான ரயில்னா ஒன்றரை மணி நேரம், சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷன்ல இறங்கினா பழைய ஊர் அங்கயே ஆரம்பிச்சுடுது, கதீட்ரலுக்கு பத்து பதினஞ்சு நிமிஷ நடை. டாக்ஸி எதுவும் வேணாம்.

டிக்கெட் எடுக்கற பெரிய மியூசியம் ரெண்டே ரெண்டு வெச்சுக்கோங்க, ஒண்ணு டேவிட் சிலை இருக்கற அகாடெமியா, இன்னொண்ணு ஓவியங்க நிறைஞ்ச உஃபிஸி. அகாடெமியாவுக்கு காலைல மொத வேலையா போயிடுங்க, அப்புறம் துவோமோ சதுக்கம், அதுதான் பெரிய கதீட்ரல், பக்கத்துலயே ஞானஸ்நான மண்டபமும் மணிக்கூண்டும் இருக்கு, சாப்பிட்டுட்டு மதியத்துக்கு மேல உஃபிஸி, வெளிய வந்தா ஆத்து மேல பழைய பாலம் (பொன்டே வெக்கியோ), கடைசியா ஆத்துக்கு அந்தப் பக்கம் குன்னு மேல ஏறிடுங்க. இடையில கண்ல படற சர்ச்ல பத்து நிமிஷம் உக்காந்து எழுந்திரிக்கலாம், அந்த ஊர்ல அதுவே பெரிய விஷயம்.

ரெண்டு எச்சரிக்கை சொல்லிடறேன். திங்கக்கிழமை போகாதீங்க, உஃபிஸி அகாடெமியா ரெண்டுமே அன்னிக்கு மூடியிருக்கும். ரெண்டுக்குமே நேரம் குறிச்ச டிக்கெட்டை ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்துடுங்க, சீசன்ல நேரா போய் நின்னா அரை நாள் வாசல்லயே போயிடும். அப்புறம் சர்ச்சுக்குள்ள தோளும் முட்டியும் மறைஞ்சிருக்கணும், ஷார்ட்ஸ் போட்டுட்டு போய் வாசல்ல திரும்பி வராதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, முட்டி வலி இருக்கு. கதீட்ரல் டோம் மேல ஏற முடியுமா? லிஃப்ட் இருக்கா?

பதில்: லிஃப்ட் இல்லீங்க. 463 படி, பல இடத்துல குறுகலா ஒருத்தர் மட்டும் போற அளவுதான், பாதியில திரும்பவும் வசதி கிடையாது. பக்கத்துல ஜாட்டோ டிசைன் பண்ணின மணிக்கூண்டும் 414 படி, அங்கயும் அதே கதைதான். அம்மாவை ஏத்தாதீங்க.

அதுக்கு பதிலா நீங்க மேல போற நேரத்துல அம்மாவை கதீட்ரலுக்கு பின்னாடி இருக்கற துவோமோ மியூசியத்துல விடுங்க, உள்ள லிஃப்ட் இருக்கு, உக்கார இடம் இருக்கு, கூட்டமும் கம்மி. உண்மையைச் சொன்னா அம்மா பாக்கறதுதான் ஒசத்தி. ஞானஸ்நான மண்டபத்துக்கு கிபெர்ட்டிங்கற சிற்பி 1425ல இருந்து 1452 வரைக்கும் உக்காந்து செஞ்ச தங்க முலாம் கதவு, அதோட ஒரிஜினல் இங்கதான் இருக்கு, வெளிய சதுக்கத்துல எல்லாரும் முண்டியடிச்சு போட்டோ எடுக்கறது காப்பி. மைக்கேலாஞ்சலோ வயசான காலத்துல தன் கல்லறைக்குன்னே செதுக்க ஆரம்பிச்சு பாதியில உடைச்ச பியத்தா சிலை, அதாவது இறந்து போன ஏசுவைத் தாங்கிப் பிடிக்கற காட்சி, இங்க இருக்கு, அதுல மேல முக்காடு போட்டு நிக்கற கிழவர் முகம் அவரோடதுதான். டொனாட்டெல்லோ மரத்துல செதுக்கின, ஏசுவோட சிஷ்யையான மகதலேனா மரியாள் முன்னாடி போய் நின்னு பாக்க சொல்லுங்க. அழகான பொண்ணா எல்லாரும் காட்டற மகதலேனாவை அவர் பல்லு விழுந்து, எலும்பும் தோலுமா, தலைமுடியே உடுப்பா, தவம் இருந்து தேஞ்சு போன ஒருத்தியா காட்டியிருப்பார். எனக்கு அந்த ஊர்லயே ரொம்ப பிடிச்ச சிலை அதுதான்.

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கறேன். கதீட்ரல் மேல இருக்கற டோமை புருனெல்லெஸ்கி சென்ட்ரிங் போடாம கட்டினார்னு சொல்றாங்க, அது எப்படி சாத்தியம்? நேர்ல போனா அதுக்கான அடையாளம் எதாவது பாக்க முடியுமா?

பதில்: ரொம்ப சந்தோஷம்பா, இந்த கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமா போகும்.

கதீட்ரல் வேலை ஆரம்பிச்சது 1296ல. நூறு வருஷத்துக்கு மேல கட்டி சுவரெல்லாம் எழும்பி, நடுவுல டோமைத் தாங்கப் போற எட்டு பக்கச் சுவரும் ஏத்தி முடிச்சாச்சு, ஆனா மேல மூடறது எப்படின்னு யாருக்கும் தெரியல. வாய் 45 மீட்டர் அகலம், அதுவும் தரையில இருந்து 50 மீட்டருக்கு மேல ஆரம்பிக்குது. வழக்கமா வளைவு கட்டணும்னா அடியில மரத்துல சென்ட்ரிங் நிறுத்தி, அது மேல கல்லை அடுக்கி, கலவை இறுகினதும் மரத்தை எடுப்பாங்க. இந்த அளவுக்கு மரம் கொண்டு வர்றது, அது தன் பாரத்துலயே வளையாம நிக்க வைக்கறது, ரெண்டுமே நடக்காத காரியம். வெளிப்பக்கம் முட்டுச்சுவர் வைக்கவும் அந்த ஊர்க்காரங்க ஒத்துக்கல, வடக்கு ஐரோப்பிய சர்ச் மாதிரி இருக்கக்கூடாதுன்னு பிடிவாதம்.

1418ல போட்டி அறிவிச்சாங்க. புருனெல்லெஸ்கி தொழில் கத்துக்கிட்டது தங்க வேலையில, கொத்தனார் வீட்டுப் பையன் கிடையாது. 1401ல ஞானஸ்நான மண்டபக் கதவுக்கு நடந்த போட்டியில கிபெர்ட்டி கிட்ட தோத்து அந்த வேலையை இழந்தவர். (அந்தப் போட்டிக்கு ரெண்டு பேரும் செஞ்ச வெண்கலத் தகடு இப்பவும் பார்ஜெல்லோ மியூசியத்துல பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்காங்க, நேரம் இருந்தா பாத்துட்டு யாருக்கு குடுத்திருக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ.) அவர் சென்ட்ரிங்கே வேணாம்னு சொன்னார். 1420ல வேலை ஆரம்பிச்சு 1436ல வாய் மூடியாச்சு.

எப்படி பண்ணார்னா, மொதல்ல ஒரே கனமான ஓடா கட்டாம உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு ஓடு, நடுவுல இடைவெளி. அதனால பாரம் குறையுது, நடுவுல வேலையாளுங்க நடமாட வழியும் கிடைக்குது. எட்டு மூலையிலயும் எட்டு பெரிய விலா, இடையில பதினாறு சின்ன விலா, அதுதான் ரெண்டு ஓட்டையும் சேத்துப் பிடிக்குது. டோம்னாலே அடிப்பக்கம் வெளிய பிதுங்கப் பாக்கும், அதுக்கு நீள நீள மணற்கல்லை இரும்புக் கவ்வி போட்டு இணைச்சு வளையம் வளையமா சுவருக்குள்ளயே பதிச்சுட்டார், மரத்துல ஒரு வளையமும் இருக்கு. பீப்பாயை சுத்தி இரும்புப் பட்டை போடறோமே அந்த வேலையை இந்தக் கல் சங்கிலி செய்யுது.

இப்ப முக்கியமான சிக்கல். மேல போகப் போக சுவர் உள்பக்கமா சாயுது, சாஞ்ச சுவர்ல இன்னிக்கு வெச்ச செங்கல் கலவை இறுகறதுக்குள்ள வழுக்கி உள்ள விழுந்துடாதா? விழாம இருக்கறதுக்கு படுக்க வெச்ச செங்கல் வரிசைக்கு நடுவுல குறிப்பிட்ட இடைவெளில ஒரு செங்கல்லை செங்குத்தா நிறுத்தறாங்க, அடுத்த வரிசையில அதை ஒட்டி ஒண்ணு தள்ளி இன்னொண்ணு, இப்படியே மேல போக போக அந்த நின்ன செங்கல் எல்லாம் சேந்து சுருள் சுருளா ஏறும், மீன்முள் வரிசைன்னு சொல்வாங்க. நின்ன செங்கல் ரெண்டுக்கும் நடுவுல மாட்டின படுத்த செங்கல் நகர முடியாது. ஒரு சுத்து முடிஞ்சா அந்த வளையம் தானே நிக்கும், அடுத்த சுத்தை அது மேல ஏத்தலாம். மொத்தம் நாப்பது லட்சத்துக்கு மேல செங்கல்னு கணக்கு.

பாரத்தை மேல தூக்கறதுக்கு அவரே ஒரு இயந்திரம் செஞ்சார், கீழ மாடு செக்கு சுத்தற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும், திருகை மாத்தினா பல்சக்கரம் மாறி பாரம் மேலயும் போகும் கீழயும் வரும், மாட்டை அவுத்து திருப்பிக் கட்ட வேண்டிய வேலையே இல்ல. 1420கள்லயே ரிவர்ஸ் கியர் இருந்துருக்கு பாத்துக்கோ.

நேர்ல அடையாளம் கேட்டியே. நீ ஏறிப் போற படிக்கட்டே அந்த ரெண்டு ஓட்டுக்கும் நடுவுலதான் போகுது. மேல போக போக ஒரு பக்க சுவர் உன் தோள் மேல சாய ஆரம்பிக்கும், அங்க நின்னு சுவரைத் தொட்டுப் பாரு, பூச்சு இல்லாத இடத்துல செங்குத்துச் செங்கல் வரிசை கோணலா ஏறறது தெளிவா தெரியும். பின்னாடி வர்றவங்க அவசரப்படுத்துவாங்க, பரவால்ல, நீ பாத்துட்டு நகரு. டோமுக்கு நேரம் குறிச்ச டிக்கெட் தனி, அதையும் முன்னாடியே எடுத்துடு.

கீழ இறங்கினதும் இன்னும் ரெண்டு விஷயம். கதீட்ரலுக்கு தெக்கு பக்கம் புருனெல்லெஸ்கி சிலை ஒண்ணு உக்காந்த நிலையில தலையைத் தூக்கி டோமையே பாத்துக்கிட்டு இருக்கும். பின்பக்கம் தரையில ஒரு வட்டமான வெள்ளைப் பளிங்கு பதிச்சிருக்காங்க, மேல உச்சியில இருக்கற செப்புப் பந்து மின்னல் தாக்கி விழுந்த இடம் அது. அந்தப் பந்தை மொதல்ல செஞ்சு 1471ல மேல ஏத்தினது வெர்ரோக்கியோங்கற சிற்பியோட பட்டறை, லியனார்டோ டா வின்சி அப்ப அங்க வேலை கத்துக்கிட்டு இருந்த பையன்.

கேள்வி: டேவிட் சிலை சதுக்கத்துலயே ஃப்ரீயா நிக்குதாமே, அப்புறம் ஏன் மேடம் காசு குடுத்து அகாடெமியா போகணும்?

பதில்: பெரிய சதுக்கத்துல, அதாவது துவோமோ சதுக்கம் இல்ல, சிஞ்ஞோரியா சதுக்கத்துல, நிக்கறது 1910ல வெச்ச காப்பி. ஒரிஜினல் 1504ல இருந்து அதே இடத்துலதான் மழையிலயும் வெயில்லயும் நின்னுச்சு, 1873ல பத்திரமா அகாடெமியாவுக்கு கொண்டு போனாங்க. சிலை எந்த இடத்துல இருந்துச்சு, பின்னாடி இருக்கற அரண்மனைக்கு முன்னாடி எப்படி நின்னுச்சுன்னு தெரிய காப்பி போதும். ஆனா கல்லைப் பாக்கணும்னா உள்ள போய்த்தான் ஆகணும், நான் காசு குடுத்து பாருங்கன்னுதான் சொல்வேன்.

5.17 மீட்டர் உயரம். வேற ஒரு சிற்பி கை வெச்சு பாதியில விட்டுட்டுப் போன கல், பல வருஷமா கதீட்ரல் முற்றத்துல மழைல கெடந்தது. மைக்கேலாஞ்சலோ 1501ல அதை எடுக்கும்போது வயசு 26. ஏற்கனவே வெட்டின கல்லுங்கறதால கனம் கம்மி, சிலையை பக்கவாட்டுல போய் பாருங்க, எவ்வளவு ஒல்லின்னு தெரியும், அந்த ஒல்லிக் கல்லுக்குள்ள இப்படி ஒரு ஆளைக் கொண்டு வந்துருக்கார். முன்னாடி இருந்து பாக்கும்போது நிதானமா நிக்கற மாதிரி இருக்கும், அப்படியே சுத்தி வந்து முகத்துக்கு நேரா நில்லுங்க, புருவம் நெரிஞ்சு கழுத்து நரம்பு தெரிச்சு நிக்கும், கோலியாத்தோட சண்டைக்கு முன்னாடி இருக்கற நேரம் அது. வலது கையை பாருங்க, உடம்புக்கு கொஞ்சம் பெருசு, புறங்கையில நரம்பு ஓடுது. கவண் தோள்ல இருந்து முதுகு வழியா இறங்கி வருது, பின்பக்கம் போனாத்தான் முழுசா தெரியும்.

கூட்டம் முழுக்க டேவிட்டை நோக்கி ஓடும், அந்த நீள ஹால்ல ரெண்டு பக்கமும் இருக்கற கைதிகள் சிலைங்களை திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. மைக்கேலாஞ்சலோ போப் ரெண்டாம் ஜூலியஸ் கல்லறைக்காக ஆரம்பிச்சு முடிக்காம விட்டது. ஒருத்தன் தலை இன்னும் கல்லுக்குள்ளயே இருக்கு, இன்னொருத்தன் கையால முட்டித் தள்ளி வெளிய வரப் பாக்கறான். கிட்டப் போனா உளியோட பல்லு பட்ட கோடு கோடான தழும்பு அப்படியே இருக்கும். ஒரு கல் எப்படி உடம்பா மாறுதுன்னு பாக்க இதை விட நல்ல இடம் நான் பாத்ததில்ல, டேவிட்டுக்கு குடுக்கற நேரத்துல பாதியாவது இவங்களுக்கு குடுங்க.

கேள்வி: எனக்கு ஓவியம் புரியாது. கணவருக்காக உஃபிஸி வர்றேன். மூணு மணி நேரம் அங்க நான் என்ன பண்றது?

பதில்: புரியாதுன்னு யார் சொன்னது, கண்ணு இருக்குல்ல, அது போதும். எல்லா அறையையும் முடிக்கணும்னு மட்டும் நெனைக்காதீங்க.

ஆரம்பத்துலயே ஒரு பெரிய அறையில மூணு மாதா படம் இருக்கும், மூணுமே ஆளை விட ரொம்ப உயரம், மூணுலயும் மரியாள் சிம்மாசனத்துல குழந்தையோட உக்காந்திருப்பா. சிமபுவே, துச்சோ, ஜாட்டோன்னு மூணு பேர் வரைஞ்சது, எல்லாம் சில பத்து வருஷ இடைவெளிக்குள்ள. அங்க கால் மணி நேரம் செலவு பண்ணுங்க. சிமபுவே படத்துல புடவை மடிப்பெல்லாம் தங்கக் கோடா இருக்கும், அழகு, ஆனா துணிக்குள்ள உடம்பு இருக்கான்னு தெரியாது. ஜாட்டோ படத்துக்கு வாங்க. துணிக்கு அடியில முட்டி தெரியுது, மார்பு தெரியுது, அந்தம்மா கனமா உக்காந்திருக்காங்க, ஒரு நிஜ பொம்பளை. ஐரோப்பிய ஓவியம் எந்த இடத்துல திரும்பிச்சுன்னு கேட்டா இந்த அறையைத்தான் காட்டுவேன். இதை நீங்க உங்க கண்ணாலயே கண்டுபிடிச்சுடலாம், எந்த ஆடியோ கைடும் வேணாம்.

அடுத்து போட்டிசெல்லி அறை, வீனஸ் சிப்பி மேல நிக்கற படம், 1480கள்ல வரைஞ்சது. இங்க கூட்டம் தாங்காது. கிட்ட போக சந்து கிடைச்சா அந்த கூந்தலைப் பாருங்க, முட்டை மஞ்சக் கருவுல குழைச்ச சாயம், அது சீக்கிரம் காஞ்சுடும், அதனால மெல்லிசு மெல்லிசா கோடு கோடாத்தான் வரையணும், முடியில தங்கத் துளி கூட இழைச்சிருக்கார். அதுக்கப்புறம் லியனார்டோவோட மங்கள வார்த்தை படம், அதாவது ஏசு பிறக்கப் போறார்னு தேவதூதர் மரியாள் கிட்ட சொல்ற காட்சி, அவர் இருபது வயசை ஒட்டி வரைஞ்சது. நேரா நின்னா மரியாளோட வலது கை கொஞ்சம் நீளமா தெரியும், படத்துக்கு வலது பக்கமா தள்ளி நின்னு பாருங்க, சரியாயிடும்.

ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைஞ்ச, பைபிள் கதையில வர்ற யூதித் படத்தை விட்டுடாதீங்க. ரெண்டு பொம்பளைங்க சேந்து ஒரு தளபதி தலையை வெட்டறாங்க, சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு உடம்பு பலத்தைப் போட்டு நிஜமா ஒரு வேலை செய்யற மாதிரி வெட்டறாங்க, மெத்தையில ரத்தம் இறங்குது. 1616ல ஃப்ளாரன்ஸ் ஓவிய அகாடெமில மொதல் பெண் உறுப்பினரா சேந்தவங்க அவங்க. அவ்வளவுதான், இது போதும், மிச்ச நேரம் நடைபாதை ஜன்னல் வழியா ஆத்தைப் பாருங்க.

கேள்வி: இவ்வளவு கலைப் பொருளும் இந்த ஒரு சின்ன ஊருக்கு எப்படி வந்துச்சு? அதை விட முக்கியம், எப்படி வெளிய போகாம இருந்துச்சு?

பதில்: வந்ததுக்கு காரணம் கம்பளித் துணியும் வட்டிக் கடையும். 1252ல இந்த ஊர் அடிச்ச ஃப்ளோரின் தங்கக் காசு ஐரோப்பா பூரா செல்லும், பேங்க் தொழில் கொழிச்சுது. வியாபார சங்கம் ஒவ்வொண்ணும் ஒரு கட்டடத்தைப் பொறுப்பெடுத்துக்கிச்சு, கதீட்ரல் வேலையை கம்பளி சங்கம் பாத்துது, அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு பட்டு சங்கம் காசு குடுத்துச்சு. எந்த சங்கத்து சிலை ஒசத்தின்னு போட்டியும் இருந்துச்சு, அதுக்கு சாட்சி வேணும்னா துவோமோவுக்கும் பெரிய சதுக்கத்துக்கும் நடுவுல ஓர்சான்மிக்கேலே இருக்கு, பழைய தானிய மார்க்கெட், வெளிச்சுவர்ல சங்கத்துக்கு ஒரு மாடம்னு வரிசையா சிலை வெச்சிருக்காங்க. தெருவுல நின்னே பாக்கலாம், டிக்கெட் இல்ல.

வெளிய போகாம இருந்ததுக்கு காரணம் ஒரே ஒரு அம்மா. ஊரை ஆண்ட மெடிசி குடும்பத்துக்கு வாரிசு இல்லாம போய் ஆட்சி வேற வம்சத்துக்கு போகும்போது, கடைசியா மிஞ்சின அன்னா மரியா லுயிசா 1737ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, குடும்பம் சேத்த ஓவியம், சிலை, நூலகம், நகை எதுவும் இந்த ஊரை விட்டு வெளிய போகக் கூடாது, ஊருக்கே சொந்தம்னு. வேற எத்தனையோ அரச குடும்பத்து சேகரிப்பு ஏலத்துல சிதறிப் போச்சு. இங்க உஃபிஸில நின்னு நாம பாக்கறதுல பெரும்பகுதி அந்தக் கையெழுத்தாலதான். அவங்க பேரை இன்னும் நிறைய பேர் தெரிஞ்சு வெச்சுக்கணும்னு எனக்கு ஆசை.

கேள்வி: 9 வயசுப் பையனை கூட்டிட்டு போறேன். சர்ச்சு, படம்னா பத்து நிமிஷத்துல போர்னு சொல்லிடுவான்.

பதில்: தேடற விளையாட்டு குடுங்க. பெரிய சதுக்கத்துல லோஜியான்னு தெறந்த மண்டபம் இருக்கு, காசு கிடையாது. அங்க செல்லினி செஞ்ச பெர்சியஸ் வெண்கலச் சிலை, கையில மெடூசா தலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கும், பசங்களுக்கு அதுவே பிடிக்கும். அவனைப் பின்பக்கம் அனுப்பி இன்னொரு முகம் எங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, தலைக்கவசத்தோட பின்பக்கத்துல தாடி வெச்ச முகம் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. சிலை வார்க்கும்போது உலோகம் இறுக ஆரம்பிச்சுடுச்சு, வீட்ல இருந்த ஈயத் தட்டு கிண்ணத்தையெல்லாம் உள்ள போட்டு உருக்கி காப்பாத்தினேன்னு செல்லினியே எழுதி வெச்சிருக்கார், அந்தக் கதையைச் சொல்லுங்க. கிபெர்ட்டி கதவுல சட்டத்துக்குள்ள இருந்து ஒரு மொட்டைத் தலை எட்டிப் பாக்கும், அது கிபெர்ட்டியே. அநாதை இல்லத்து முகப்புல நீல வட்டத்துக்குள்ள துணி சுத்தின குழந்தைங்க, ஒவ்வொண்ணும் வேற மாதிரி இருக்கும், வித்தியாசம் கேளுங்க. புது மார்க்கெட் கிட்ட வெண்கலக் காட்டுப்பன்னி ஒண்ணு இருக்கு, மூக்கை தேச்சு தேச்சு பளபளன்னு ஆயிடுச்சு. அவன் பங்குக்கு தேச்சுக்கட்டும்.

கேள்வி: பழைய பாலத்து மேல எல்லாமே நகைக்கடையா இருக்கே, ஏன்?

பதில்: 1345ல கட்டின பாலம், அப்ப கறிக்கடை உட்பட எல்லா கடையும் இருந்துச்சு, கழிவு நேரா ஆத்துல. 1593ல மெடிசி குடும்பத்து கிராண்ட் டியூக் ஃபெர்டினாண்டோ நாத்தம் தாங்காம அவங்களை காலி பண்ணிட்டு தங்க வேலைக்காரங்களுக்கு குடுத்தார். நாத்தம் அவருக்கு ஏன் பட்டுச்சுன்னா கடைங்க மேல ஒரு மூடின நடைபாதை ஓடுது பாருங்க, 1565ல வசாரிங்கற கட்டடக் கலைஞர் அஞ்சே மாசத்துல கட்டி முடிச்சது, மெடிசி குடும்பம் அரண்மனைல இருந்து ஆபீசுக்கு தெருவுல கால் வைக்காம போறதுக்கு. 1944ல பின்வாங்கின ஜெர்மன் படை ஊர்ல மத்த பாலத்தையெல்லாம் வெடி வெச்சு தகர்த்துச்சு, இதை மட்டும் விட்டுட்டு ரெண்டு கரையிலயும் கட்டடங்களை இடிச்சாங்க. அதனாலதான் பாலத்து ரெண்டு முனையிலயும் புதுக் கட்டடமா தெரியுது.

கேள்வி: போன வருஷம் ஜூலைல போனேன். வெயில், கும்பல், எங்க பாத்தாலும் செல்ஃபி ஸ்டிக். ஊர் அழகே தெரியல. எல்லாரும் சும்மா தூக்கி வெச்சு பேசறாங்களோன்னு தோணுது.

பதில்: ஜூலைல கஷ்டம்தாங்க, மறுக்கல. ஆனா கும்பல் நாலு இடத்துலதான். அகாடெமியாவுல இருந்து ரெண்டு நிமிஷம் நடந்தா சான் மார்க்கோ மடம், ஃப்ரா ஆஞ்செலிகோங்கற துறவி 1440கள்ல தன் கூட இருந்த துறவிகளோட அறை ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் வரைஞ்சு வெச்சார். மாடிப்படி ஏறினதும் மங்கள வார்த்தை, அப்புறம் வரிசையா சின்ன சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு ஓவியம். யாருக்கும் காட்ட வரைஞ்சது கிடையாது, அந்த அறையில தூங்கி எழுந்திருக்கற ஒரே ஒரு ஆளுக்காக வரைஞ்சது. ஈரக் காரை மேல சாயம் போட்டதால சுவரோடயே ஒண்ணாயிடுச்சு. அடுத்த தடவை டேவிட்டை முடிச்சதும் நேரா இங்க போங்க, திறக்கற நேரத்தை மட்டும் பாத்துக்கோங்க.

ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற சாந்தா மரியா நொவெல்லா சர்ச்சையும் முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போயிடறாங்க. உள்ள இடது பக்கச் சுவர்ல மசாச்சியோங்கற ஓவியர் 1427 வாக்குல வரைஞ்ச திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணையும் காட்டற படம், இருக்கு. தட்டைச் சுவர்ல நிஜமா ஒரு மண்டபம் உள்வாங்கிப் போற மாதிரி இருக்கும், கோடெல்லாம் நம்ம கண் மட்டத்துல போய் சேரும்படி கணக்குப் போட்டிருக்கார். கொஞ்சம் பின்னாடி நடந்து நடுவுல நின்னு பாருங்க, சுவர் திறந்துக்கும். வசாரி ஒரு பீடத்தை வெச்சு இதை மறைச்சுட்டார், 19ஆம் நூற்றாண்டுல பீடத்தை எடுத்தப்பதான் மறுபடி வெளிய வந்துச்சு. மசாச்சியோ செத்துப் போனது 27 வயசை ஒட்டி. அதை நெனைச்சுட்டு அந்தச் சுவரைப் பாத்தா எனக்கு மனசு ஆறாது.

கேள்வி: ஃப்ளாஷ் போட்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது. ஃப்ளாஷ் இல்லாம பெரும்பாலான இடத்துல எடுக்கலாம், ட்ரைபாட் வேணாம்.

கேள்வி: எங்க ரயில் ராத்திரி 9 மணிக்கு மேல. மியூசியம் எல்லாம் மூடினதுக்கப்புறம் அந்த ரெண்டு மூணு மணி நேரம் என்ன பண்ணலாம்?

பதில்: ஆத்தைத் தாண்டி குன்னு மேல ஏறுங்க. எல்லாரும் மைக்கேலாஞ்சலோ மேடையோட நின்னுடுவாங்க, நீங்க இன்னும் கொஞ்சம் படி ஏறி சான் மினியாட்டோ சர்ச் வரைக்கும் போயிடுங்க. 1018ல ஆரம்பிச்ச கட்டடம், கீழ பாத்த எல்லாத்தையும் விட பழசு. வெள்ளையும் பச்சையும் பளிங்கு வெச்ச முகப்பு, எவ்வளவு எளிமை, கதீட்ரலோட முகப்பு 1887ல முடிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இதைப் பாத்தா எது ஒசத்தின்னு உங்களுக்கே தோணும், என் ஓட்டு இதுக்குத்தான். உள்ள தரையில 1207ல பதிச்ச ராசிச் சக்கரம் இருக்கு, குனிஞ்சு பாருங்க. சாயங்கால ஜெபத்துல துறவிகள் பாடுவாங்க, அந்த நேரத்துல நடமாடாம ஒரு ஓரமா உக்காந்து கேளுங்க.

வாசல்ல நின்னா டோம் மொத்தமா தெரியும். கூரைக்கு கீழ எட்டு பக்கம் இருக்குல்ல, ஒரே ஒரு பக்கத்துல மட்டும் வெள்ளைத் தூண் வரிசை இருக்கும், மத்ததெல்லாம் வெறும் சுவர். அந்த ஒரு பக்கம் கட்டினதும் மைக்கேலாஞ்சலோ பாத்துட்டு சில்வண்டு கூண்டு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார், அதோட வேலையை நிறுத்திட்டாங்கன்னு ஊர்ல சொல்வாங்க. அந்தப் பக்கம் தென்கிழக்கைப் பாத்து இருக்கு, குன்னுல இருந்து பாத்தா கண்டுபிடிச்சுடலாம். அங்க இருந்து ஸ்டேஷனுக்கு இறங்கி நடக்க முக்கால் மணி நேரமாவது வெச்சுக்கோங்க, வேகமான ரயில்ல டிக்கெட் அந்த வண்டிக்கு மட்டும்தான், விட்டா பெரும்பாலும் புதுசாத்தான் வாங்கணும், அதனால 8 மணிக்கு முன்னாடியே கிளம்பிடுங்க.